போட்மெயில்: ஒரு தண்டவாளம், இருவகைப் பயணம்



தமிழில் கவிதை எழுதுவோருள் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையாவது இரயிலைப் பற்றி எழுதியிருப்பர். ஊரைவிட்டுப் போகும் மகன், பிறந்தகத்திலிருந்து திரும்பும் பெண், சன்னலோரத்தில் பின்னோக்கி ஓடும் பனைமரம், இரவில் எங்கோ கேட்கும் கூவல் ஆகியவற்றை விலக்கிவிட்டுச் சென்ற நூற்றாண்டின் தமிழ்க் கவிதையைத் தொகுப்பது அரிது. புகைவண்டி புதிதாக வந்தபோது வியந்து பாடிய சிந்து, கும்மிப் பிரசுரங்கள் முதல் நேற்று வெளிவந்த புதுக்கவிதைத் தொகுதி வரை இந்த ஈடுபாடு தொடர்கிறது.

அண்மைக் காலத்தில் இந்த ஈடுபாட்டோடு ஏக்கமும் சேர்ந்துகொண்டது. நீராவி எஞ்சின் போயிற்று. மீட்டர் பாதை போயிற்று. அட்டைச் சீட்டும் போயிற்று. போனவற்றை எண்ணும்போது, "அந்தக் காலத்து இரயில் பயணம் போல வருமா?" என்னும் பெருமூச்சு எழுகிறது. அன்று நேரம் தவறாமல் வண்டி வந்தது, பணியாளர் மரியாதையோடு பேசினர், உணவு ருசியாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்லும்போது அதில் பொய் இல்லை. ஆனால் அந்த நினைவு யாருடைய நினைவு என்று கேட்பது இலக்கியம் அறிந்தோர் கடமை. அந்தக் கேள்வியைத் தமிழகத்திற்கும் இலங்கைக்கும் பொதுவான ஓர் இரயில் பாதையை வைத்து ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

எழும்பூர் முதல் கொழும்புக் கோட்டை வரை

தென்னாட்டின் முதல் புகைவண்டி 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடியது. அதன்பின் அரை நூற்றாண்டுக்குள் தண்டவாளம் தூத்துக்குடி வரை சென்றுவிட்டது. இலங்கை செல்வோர் இரயிலில் தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறினர். கடற்பயணம் நீண்டது; அலைச்சல் மிகுந்தது.

1914-ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுடைய அப்பாலத்தின் நடுவே கப்பல் செல்லுவதற்காக இரண்டு இரும்புச் சிறகுகள் அமைக்கப்பட்டன. கப்பல் வரும்போது பணியாளர்கள் நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்றிக் கையாலேயே அச்சிறகுகளை உயர்த்தினர். பாலத்தைக் கடந்த வண்டி தனுஷ்கோடித் துறை வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடல். அக்கரையில் இலங்கை அரசு இரயில்வேயின் வண்டி காத்திருந்தது.

சென்னை எழும்பூரில் ஒரே சீட்டை வாங்கிக்கொண்டு கொழும்புக் கோட்டையில் இறங்கலாம் என்பது அக்காலத்தில் பெரிய அற்புதம். இரவில் எழும்பூரில் ஏறினால், மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடி, மாலைக்குள் தலைமன்னார், அதற்கடுத்த காலை கொழும்பு. கப்பலோடு இணைந்த வண்டியாதலால் மக்கள் அதனைப் போட்மெயில் என்றனர். கப்பல் நின்று பல்லாண்டு ஆகியும் சென்னை - இராமேசுவரம் விரைவு வண்டியைப் பலர் இன்றும் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

இந்தப் பயணத்தின் உயர்வகுப்புச் சேவையைப் பற்றிய புகழுரைகள் மிகை அல்ல. மெத்தை இருக்கைகள், வெள்ளை விரிப்பிட்ட உணவு மேசை, சீருடை அணிந்த பரிமாறுவோர், நிலையங்களில் தங்கும் அறைகள், தனித்தனிக் காத்திருப்புக் கூடங்கள் எல்லாம் இருந்தன. 'இர்வின்', 'கோஷன்' ஆகிய கப்பல்கள் வண்டி வரும் வேளைக்குத் துறையில் ஆயத்தமாக நின்றன. பயணிகள் இறங்கிச் சில அடி நடந்து கப்பலேறினர். இரு நாடுகள், இரு இரயில்வே நிர்வாகங்கள், ஒரு கடல் ஆகியவை ஒரே கால அட்டவணைக்குள் அடங்கி நடந்தன. நிர்வாகத் திறன் என்ற அளவில் இது போற்றத்தக்கதே.

கையிலிருந்து கைக்கு

உயர்வகுப்பு மட்டுமன்றி எல்லாப் பயணிகளையும் தொட்ட சில நன்மைகளும் அக்காலத்தில் இருந்தன. அவற்றை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

அன்றைய சீட்டு தடித்த அட்டையால் ஆனது. எட்மண்ட்சன் என்னும் ஆங்கிலேய நிலைய அலுவலர் 1830-களில் கண்ட முறை அது. 57 மில்லிமீட்டர் நீளமும் 30 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அந்த அட்டையில் புறப்படும் ஊர், சேரும் ஊர், வகுப்பு, கட்டணம், வரிசை எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். சீட்டு கொடுப்பவர் அதனைத் தேதி பொறிக்கும் கருவியில் செருகி இழுப்பார். 'டக்' என்று ஓர் ஓசை எழும். அந்த ஓசைதான் பயணத்தின் தொடக்கம். ஊர் சென்று சேர்ந்த பிறகு சீட்டை வாயிலில் கொடுத்துவிடவேண்டும். பிள்ளைகள் அழுதாலும் விதி விதிதான்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாமல் காக்க டோக்கன் முறை இருந்தது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் வெளிவரும். இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலிருந்து டோக்கனை எடுத்துவிட்டால், அது கருவிக்குள் திரும்பும் வரை மற்றொன்றும் பூட்டிக்கொள்ளும். டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தக்கூடாது. நில்லாமல் செல்லும் வண்டிகளுக்கு அதனை ஒரு வளையத்தில் கோத்து நடைமேடையில் நின்று நீட்டுவர். எஞ்சினிலிருந்து குனிந்த கை ஒன்று பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதிய வளையத்தைப் பற்றிக்கொள்ளும். நள்ளிரவில், மழையில், மண்ணெண்ணெய் விளக்கொளியில், ஒரு மனிதன் கையிலிருந்து இன்னொரு மனிதன் கைக்கு நூற்றுக்கணக்கானோரின் உயிர் மாறிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் உறங்கியவர்கள் அதனை அறிந்ததில்லை.

நிலையங்கள் ஊரின் முகமாக விளங்கின. தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு மணியாக அடித்தனர். மணப்பாறையில் வண்டி நின்றால் முறுக்கு வாங்காமல் எவரும் செல்லார். சாத்தூர் வந்தால் வெள்ளரிப் பிஞ்சு. ஊரின் பெயரைப் பலகையில் படிப்பதற்கு முன் விற்பவர் குரலிலிருந்தே ஊரை அறிந்துகொண்டனர். மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றதில் இரயில் பயணிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

வண்டியின் வேகம் குறைவாக இருந்ததும் ஒருவகையில் நன்மையாயிற்று. ஓர் இரவும் ஒரு பகலும் எதிரெதிரே அமர்ந்தவர்கள் பேசாமல் இருக்க இயலாது. கூஜாத் தண்ணீர் கைமாறியது, கட்டுச்சோறு பகிரப்பட்டது, வரன்கூடப் பேசி முடிக்கப்பட்டது. தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' இத்தகைய பெட்டிக்குள் நிகழும் கதை. வீட்டு வேலைக்காகத் தொலைதூரம் அனுப்பப்படும் சிறுமி ஒருத்திக்குச் சிறுவன் ஒருவன் தன் பழத்தைக் கொடுத்துவிடுகிறான். அறிமுகமில்லாத இரு குழந்தைகளை அருகருகே அமரவைத்து அந்த மலர்ச்சிக்கு இடம் கொடுத்தது இரயில். ஆனால் அதே கதையில் பத்து வயதுப் பெண்ணை வேலைக்கு ஏற்றிச் செல்வதும் அதே இரயில்தான். ஜானகிராமன் இரண்டையும் மறைக்கவில்லை. இரயிலைப் பற்றி எழுதுவோர் கற்றுக்கொள்ளவேண்டிய நேர்மை அது.

மரப்பலகையில் ஓர் இந்தியா

அக்காலப் பயணிகளில் மிகப் பெரும்பான்மையோர் மூன்றாம் வகுப்பில் சென்றவர்கள். இரயில்வேக்குப் பயணிகளால் கிடைத்த வருவாயில் பெரும்பகுதி அவர்கள் கொடுத்த காசு. அவர்களுக்குக் கிடைத்த சேவை எத்தகையது என்பதற்குச் சான்று வெளியே தேடவேண்டியதில்லை.

1917 செப்டம்பரில் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் வந்தார். 22 பேருக்கு உரியது என்று எழுதப்பட்டிருந்த பெட்டியில் வழியின் பெரும்பகுதியில் 35 பேருக்குக் குறையாமல் இருந்தனர் என்று அவர் பதிவு செய்தார். சிலர் அழுக்கு நிறைந்த தரையில் படுத்தனர். சிலர் நின்றுகொண்டே வந்தனர். கழிப்பிடம் வழியில் தூய்மை செய்யப்படவில்லை. விற்கப்பட்ட தேநீரும் தின்பண்டங்களும் வாயில் வைக்கத்தக்கனவாக இல்லை. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல்; ஆனால் மூன்றாம் வகுப்புப் பயணிக்கு அந்த வசதியில் பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்று அவர் கேட்டார். ஏழை கொடுத்த காசில் செல்வர் வசதியாகச் செல்கின்றனர் என்பதே அவர் வாதத்தின் சாரம். பயணிகளும் பெட்டியைத் தூய்மையாக வைத்துக்கொள்வதில்லை என்ற குறையை அவர் மறைக்கவில்லை.

விடுதலைக்குப் பின்னும் மாற்றம் மெல்லவே வந்தது. 1955-இல் பழைய முதல் வகுப்பு நீக்கப்பட்டது. பழைய இரண்டாம் வகுப்பு முதல் வகுப்பாயிற்று. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் மறைந்தது 1974-இல்தான். பெயர் மாறியதே தவிரப் பலகை மாறவில்லை. இரவு முழுதும் படுத்துச் செல்லும் பெட்டியிலும் வெறும் மரப்பலகைதான். 1977-இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் இரண்டு அங்குல மெத்தை போட ஏற்பாடு செய்தார். இரண்டு அங்குலம்! இந்நாட்டில் புகைவண்டி ஓடத் தொடங்கி நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்பே ஏழையின் முதுகிற்கும் மரத்திற்கும் இடையே இரண்டு அங்குல இடைவெளி கிடைத்தது. பொற்காலத்தைப் பாடும் கவிஞர் இந்த இரண்டு அங்குலத்தை மறந்துவிடலாகாது.

உணவுச் சாலையில் ஒரு தடுப்பு

அன்றைய நிலைய உணவின் சுவையை நினைவுகூர்வோர் உண்டு. அந்த உணவுச் சாலைகளில் பிராமணர்க்கு ஓர் இடமும் ஏனையோர்க்கு வேறோர் இடமும் ஒதுக்கப்பட்டிருந்ததை நினைவுகூர்வோர் குறைவு. ஒரே சமையல், ஒரே விலை. ஆயினும் இடையில் ஒரு தடுப்பு. வடநாட்டு நிலையங்களிலோ தண்ணீரே இரண்டாயிற்று. இந்துவுக்கு ஒரு பானை, முசுலிமுக்கு ஒரு பானை. வண்டி நிற்பது சில நிமிடம். தாகமோ எல்லார்க்கும் ஒன்று. தம் பானையைத் தேடி ஓடியவர்கள் எத்தனை பேர் வண்டியைத் தவறவிட்டனரோ!

தென்னிந்திய இரயில்வே நிலையங்களில் இருந்த இந்த வேற்றுமையைப் பெரியார் ஈ. வெ. ராமசாமி இடைவிடாமல் கண்டித்தார். சுயமரியாதை இயக்கத்தினரின் தொடர்ந்த எதிர்ப்பின் பயனாக 1941-ஆம் ஆண்டில் உணவுச் சாலைத் தடுப்பு நீக்கப்பட்டது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. இரயில் பெட்டி சாதியைக் கேட்டுச் சீட்டுக் கொடுக்கவில்லை. காசு கொடுத்தவர் எவராயினும் ஒரே பலகையில் அமர்ந்தனர்; தோளோடு தோள் உராய்ந்தனர். ஊரில் தெருவுக்குள் நுழைய முடியாதவர் பெட்டிக்குள் நுழைந்தார். இந்தச் சமன்மையை இரயில்வே நிர்வாகம் திட்டமிட்டு வழங்கவில்லை, நெரிசல் வழங்கியது. நிர்வாகம் திட்டமிட்டு நடத்திய உணவுச் சாலையிலோ பழைய வேலி மீண்டும் முளைத்தது.

கழுத்தில் ஒரு தகரம்

மீண்டும் போட்மெயில் பாதைக்கு வரலாம். வெள்ளை விரிப்பிட்ட மேசையில் துரைமார் உணவருந்திச் சென்ற அதே தண்டவாளத்தில் வேறொரு கூட்டமும் சென்றது. இலங்கையின் தேயிலை, இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் திரட்டிச் சென்ற தொழிலாளர் கூட்டம் அது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலி முதலிய பகுதிகளில் மழை பொய்த்த ஊர்களே அவர்களின் புறப்படும் நிலையங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்ட பயணச் சீட்டு அட்டையால் ஆனதன்று, தகரத்தால் ஆனது. தோட்டத்தின் அடையாள எண் பொறித்த வட்டத் தகரத்தைக் கயிற்றில் கோத்து ஒவ்வொருவர்க்கும் கொடுத்தனர். அதனைக் காட்டினால் வழியில் காசு கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் ஒரு சேவையே. எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம், குழந்தை குட்டிகளோடு, கையில் காசின்றிக் கடல் கடந்து மலையுச்சி வரை சென்று சேர்ந்துவிடலாம். வழிதவறிப் போக வாய்ப்பே இல்லை. பொதி தவறாமல் போய்ச் சேருவதற்கும் சுமையில் முகவரி ஒட்டுவதுண்டல்லவா?

பாம்பன் பாலத்தைக் கடக்கும் முன் மண்டபம் முகாமில் அவர்கள் இறக்கப்பட்டனர். இலங்கை அரசு நடத்திய அம்முகாமில் சில நாள் தங்கவைத்து, உடல் சோதித்து, அம்மை குத்தி, உடைமைகளுக்கும் புகையூட்டிய பின்பே கப்பலேற்றினர். முதல் வகுப்புப் பயணி பாலத்தின் அழகைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு சென்ற அதே இடம் அது. நோய் ஏழையிடமிருந்து மட்டுமே வரும் என்று அக்காலச் சுகாதாரம் கருதியது போலும்.

அக்கரை சேர்ந்தபின் கடன் காத்திருந்தது. தொழிலாளியின் கடனைக் குறிக்கும் 'துண்டு' என்ற சீட்டு ஒரு கங்காணியிடமிருந்து மற்றொரு கங்காணிக்கு ஆளையே மாற்றிவிடக்கூடியதாக இருந்தது. அம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. 1939-இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதற்குத் தடை விதித்தது. தோட்ட வாழ்வின் துயரத்தைப் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் காட்டினார். மலையக மக்கள் தாமே பாடிய பாடல்களைத் தொகுத்துக் காத்தவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர். துரைமார் தம் பயணக் குறிப்புகளை நாட்குறிப்பில் எழுதினர். தொழிலாளிப் பெண்கள் கொழுந்து கிள்ளியபடி பாடினர். முன்னது நூலகத்தில் உள்ளது. பின்னது, கேட்டவர் குறித்துவைத்ததால் மட்டுமே எஞ்சியது.

கரியும் நெருப்பும்

சேவை என்று சொல்லும்போது செய்தவரையும் நினைக்கவேண்டும். நீராவி எஞ்சினில் ஓட்டுநருக்கும் கரி போடுவோருக்கும் எதிரே நெருப்பு, தலைக்கு மேல் வெயில், இருபுறமும் காற்று. ஓடும் வண்டியில் ஆடிக்கொண்டே நின்று மணிக்கணக்கில் கரியை வாரிப் போடவேண்டும். உயர்வகுப்புப் பெட்டியின் வெப்பத்தைத் தணிக்கப் பனிக்கட்டி வைத்த காலத்தில் எஞ்சினில் நின்றவர்கள் ஈரத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டனர். நேரம் தவறாத வண்டி என்று இன்று புகழப்படுவது அவர்களின் முதுகெலும்பின் மீது ஓடியது.

நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1920-களின் பிற்பகுதியில் திருச்சி பொன்மலைக்கு மாற்றப்பட்டது. ஆட்குறைப்பு அச்சுறுத்தியது. 1928 ஜூலையில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் உள்ளிட்ட தலைவர்கள் சிறை சென்றனர். அறுபது வயதைத் தாண்டிய சிங்காரவேலருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் இழந்தனர். பழைய இரயில்வேயின் கட்டுப்பாட்டையும் ஒழுங்கையும் வியப்போர், அந்த ஒழுங்கின் கணக்கில் இவர்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

பொறுப்பு என்னும் சேவை

1956 நவம்பர் 23 அதிகாலையில் தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தின் கரையை அரித்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். தாம் ஓட்டாத வண்டிக்கு, தாம் கட்டாத பாலத்திற்குத் தார்மிகப் பொறுப்பேற்ற செயல் அது. பழைய காலத்திலிருந்து மீட்டெடுக்கத் தக்கது எது என்று கேட்டால் வெள்ளிக் கரண்டியைக் காட்டிலும் இதனையே முதலில் சொல்லவேண்டும்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணி வண்டியைப் புயலும் கடலும் விழுங்கின. வண்டியிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் இடைப்பகுதிகள் பல அடித்துச் செல்லப்பட்டன. இளம் பொறியாளரான ஈ. ஸ்ரீதரன் தலைமையில் பணியாளர்கள் கடலுக்குள் விழுந்த இரும்புத் தூலங்களைத் தேடி எடுத்து 46 நாளில் பாலத்தைச் சீர் செய்தனர். ஆனால் தனுஷ்கோடிக்குச் செல்லும் பாதை மீளவில்லை. கப்பல்துறை இராமேசுவரத்திற்கு மாறியது.

ஒப்பாரிக் கோச்சி

அந்தப் புயலுக்கு இரண்டு மாதத்திற்கு முன், 1964 அக்டோபர் 30 அன்று, சாஸ்திரிக்கும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அரியலூரில் மாண்டவர்களுக்காகப் பதவி துறந்த அதே சாஸ்திரி இப்போது தலைமையமைச்சர். மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சியோரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது உடன்பாடு. பேசியவர்கள் இரு அரசினர். அம்மக்களை எவரும் கேட்கவில்லை.

போட்மெயில் பாதை இப்போது திசை மாறியது. தகரம் கட்டிச் சென்றவர்களின் பேரக்குழந்தைகள் தாங்கள் கண்டறியாத தாயகத்திற்கு ஏற்றி அனுப்பப்பட்டனர். மலையக நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியில் பாதிக் குடும்பம் ஏறும். மீதிக் குடும்பம் நடைமேடையில் நிற்கும். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்திருக்கும். வண்டி நகரும்போது எழுந்த அழுகை அடுத்த நிலையம் வரை கேட்டதாம். அம்மக்கள் அவ்வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டனர். கோச்சி என்பது இலங்கை வழக்கில் புகைவண்டி.

தமிழில் இரயிலைப் பற்றி எழுந்த சொற்களுள் இதற்கு நிகரானது வேறில்லை. எந்தக் கவிஞரும் தனித்து ஆக்கிய சொல் அன்று அது. நடைமேடையில் நின்றவர்கள் ஆக்கியது. இரண்டே சொற்களில் ஒரு வரலாறு அடங்கிவிட்டது.

தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு இராமேசுவரம் வந்தது. பலருக்கு முதல் தங்குமிடம் பாட்டனார் புகையூட்டப்பட்ட அதே மண்டபம் முகாம். இலங்கையில் இனப்போர் மூண்டதால் 1984-இல் கப்பல் நின்றது. ஒரே சீட்டில் எழும்பூரிலிருந்து கொழும்புக்குச் செல்லும் காலம் அத்துடன் முடிந்தது. போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதையில் 2015-இல் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. இக்கரையில் பழைய பாம்பன் பாலம் 2022 டிசம்பரில் ஓய்வு பெற்று, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய தூக்குப் பாலம் திறக்கப்பட்டது. இரு கரையிலும் தண்டவாளம் கடலை நோக்கியே நிற்கிறது. இடையில் கப்பல் இல்லை.

நினைவின் நியாயம்

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், பழைய இரயில் பயணம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது விளங்கும். தங்களைச் சமமாக மதித்த இடங்களில் மக்களுக்கு அது இனித்தது. டோக்கன் வளையத்தை நீட்டிய கை, பெட்டிக்குள் கைமாறிய கூஜா, பதவியைத் துறந்த அமைச்சரின் மனச்சான்று ஆகியவை அந்த இனிமையைச் சேர்ந்தவை. மக்களைப் பொதியாகவும் எண்ணாகவும் சாதியாகவும் கண்ட இடங்களில் வெள்ளை விரிப்பும் நேரந்தவறாமையும் அந்தக் குறையை மூடி மறைத்தன. சேவையின் தரத்தைக் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து அளக்கவேண்டும். இன்றும் முன்பதிவில்லாப் பொதுப் பெட்டியின் வாயிலில் தொங்கிச் செல்வோர் இருக்கும்வரை இந்த அளவுகோல் பழையதாகிவிடாது.

கவிஞர்க்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. ஏக்கம் எளிதில் கவிதையாகிவிடும். அதனாலேயே அதனைச் சோதித்துப் பார்க்கவேண்டும். நீராவி எஞ்சினின் கூவலைப் பாடும்போது அதற்குக் கரி வாரியவரையும், சன்னலோரக் காட்சியைப் பாடும்போது நின்றுகொண்டே வந்தவரையும், எழும்பூரின் விளக்குகளைப் பாடும்போது மண்டபத்தில் இறக்கப்பட்டவரையும் சேர்த்துப் பாடினால், அந்தக் கவிதை எவருடைய நினைவையும் கீழே இறக்கிவிடாமல் செல்லும்.

அட்டைச் சீட்டுகள் சில, பழம்பொருள் சேர்ப்போர் பெட்டிகளில் பத்திரமாக உள்ளன. தகரச் சீட்டுகளுள் எஞ்சியவை மிகச் சில. அவற்றில் பெயர் இல்லை. எண் மட்டுமே உண்டு. அந்த எண்களுக்குப் பெயர் கொடுப்பது வரலாற்றாசிரியரால் மட்டும் ஆகக்கூடியதன்று. பத்தாண்டுகளாகச் சொல்லைப் பேணி வளர்த்துவரும் இவ்வட்டத்தின் கவிஞர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அப்பணி அடுத்த பத்தாண்டில் சிறக்க வாழ்த்துகள்.